டிஸ்க் இல்லாமல் வந்த மெஷின்

சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். எந்த மெஷினை எப்படிப் பிரிப்பது என்பதையெல்லாம் நீங்கள் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். அதில் நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. நான் பிரித்த மெஷின்கள் இப்போது காயலான் கடையில்கூடக் கிடைக்காது. அதனால் சரிசெய்த கதைகளை விட்டுவிட்டு, நான் கெடுத்த ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பெருமையடிக்கும் கதை வேண்டுமென்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த பத்து வருடங்களும் நான் காரைக்காலில் ஒரு வீடியோ கேம் கடையில் மெக்கானிக்காக இருந்தேன். முதலாளி திருமலைராயன்பட்டினத்துக்காரர். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்த பெண்ணை வேலைக்கு வைத்ததற்கு அவரை ஊரே கேலி செய்தது. "ஸ்க்ரூ திருப்ப மீசை எதுக்கு?" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிட்டார். கொஞ்ச நாளில் எனக்கு டிஸ்க் அக்கா என்றே பெயராகிவிட்டது. என் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவிலேயே வழி தெரியாது என்பார்கள்.

அப்போது விளையாட்டு என்றால் டிஸ்க். ஒரு ஃபுட்பால் டிஸ்க் சுரக்குடியில் ஒரு வீட்டில் தொடங்கி, மாமன் வீடு, மச்சான் வீடு, டியூஷன் நண்பன் வீடு என்று சுற்றி, நாலைந்து பேருடைய பெயர் ஸ்கெட்ச் பேனாவில் எழுதப்பட்ட உறையோடு கீறல் போக்கும் பாலிஷுக்காக எங்களிடம் வரும். மெஷினுக்குள் எதுவும் தங்காது. விளையாட்டு டிஸ்க்கில் இருக்கும், எதுவரை ஆடினோம் என்பது மெமரி கார்டில் இருக்கும். இரண்டையும் உருவிவிட்டால் மெஷின் வெறும் பெட்டி.

இதனால் எங்கள் கடையில் ஒரு வழக்கம் உருவானது. யாருடைய மெஷினாவது பழுதாகி வந்து, உதிரிப் பாகம் கிடைக்க நாளாகும் என்றால், அதே மாடலில் சரியாக இருக்கும் இன்னொன்றைக் கொடுத்து அனுப்பிவிடுவோம். அவருடையதைச் சரிசெய்து அடுத்தவருக்குக் கொடுப்போம். வாடிக்கையாளர் தன் டிஸ்க்கையும் கார்டையும் மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு போவார். ஏழெட்டு வருடத்தில் இதற்காக ஒருவரும் சண்டைக்கு வந்ததில்லை.

சண்டை வந்தது வேறொரு விஷயத்துக்கு. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் டிஸ்க்கைப் பாலிஷ் மெஷினில் வைத்துவிட்டு யாரோடோ அரட்டை அடித்தேன். தேய்ந்து வட்டமாக வெள்ளை விழுந்துவிட்டது. "கொண்டு வரும்போதே இப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிடலாமா?" என்று முதலாளியைக் கேட்டேன்.

"நீ கெடுத்தத அவரு கெடுத்ததா சொல்றது ஹராம்மா. நேரா அவரு வூட்டுக்குப் போயி சொல்லிட்டு வா. திட்டுனா நின்னு கேட்டுக்க."

போனேன். வாத்தியார் பத்து நிமிடம் திட்டினார். அடுத்த வாரம் இன்னொரு டிஸ்க்கோடு வந்து, "இதையாவது பாத்துப் பண்ணு" என்று நீட்டினார். அன்றைக்கு நான் பெரிய பாடம் கற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது, நான் போய் உண்மையைச் சொன்னதற்குப் பாதிக் காரணம் அந்த வெள்ளை வட்டம். யார் தூக்கிப் பார்த்தாலும் தெரிந்திருக்கும், மறைக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கெடுத்தபோது நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுவரும் கனகாக்காவிடம்தான் நான் வழக்கமாக மீன் வாங்குவேன். அவருடைய மகன் மதி. இருபத்திரண்டு வயதில் விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச் கயிறு சுற்றி, வலது கை மணிக்கட்டுக்கு மேலே போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கனகாக்கா ஒருநாள் கடைக்கு வந்து, ஒற்றைக் கையால் ஆடுகிற மாதிரி ஏதாவது கேம் இருக்கிறதா என்று கேட்டார். நான் அலமாரி முழுவதும் தேடினேன். ஓடுவதற்கு இடது கட்டைவிரல், அடிப்பதற்கும் சுடுவதற்கும் வலது கட்டைவிரல். எந்த டிஸ்க்கை எடுத்தாலும் இரண்டு கையும் வேண்டியிருந்தது. இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மதியின் அக்காவைப் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பிரான்ஸில் வேலை. அவர் அங்கே தேடி, கடையில் விற்காத, இணையத்தில் மட்டும் கிடைக்கும் ஒரு சின்ன விளையாட்டைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு தட்டு, அதன்மேல் ஓர் உருண்டை. தட்டைச் சாய்த்துச் சாய்த்து, உருண்டை குழியில் விழாமல் எதிர்க்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். கன்ட்ரோலரில் ஒரு குச்சியை அசைத்தால் போதும். இரண்டு பேர் போட்டி போடலாம். அதை ஒரு புது மெஷினில் ஏற்றி, லீவில் வரும்போது கொண்டுவந்து கொடுத்தார்.

இந்தச் செய்தியெல்லாம் மெஷின் பழுதாகி வந்த அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. உப்புக்காற்றில் ஃபேன் பிடித்துக்கொண்டு, சூடாகி நின்றுவிடுகிறது என்று ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார் கனகாக்கா.

"கொஞ்சம் வெரசா பாத்துக் குடும்மா. இது இல்லாம புள்ளைக்கு சோறு எறங்க மாட்டேங்குது."

"டிஸ்க் எங்கக்கா?"

"டிஸ்க் கெடையாதும்மா. மருமவன் அங்கயே கம்ப்யூட்டருல வாங்கி உள்ள ஏத்திக்கிட்டு வந்துட்டாரு. ஒரே ஒரு ஆட்டந்தான். அந்த ஆட்டத்துல அவன யாராலயும் செயிக்க முடியல. நம்ம குப்பத்துப் பயலுவ அம்புட்டுப் பேரும் சாயங்காலமானா எங்க வூட்டு வாசல்லதான். செவுத்தப் பாத்துக்கிட்டே கெடந்த புள்ள, இப்ப சட்டையப் போட்டுக்கிட்டு வாசலுக்கு வர்றாம்மா."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கேட்டுக்கொண்டே ரசீது எழுதினேன். எங்கள் ரசீதில் மூன்று கட்டம்: மெஷின், டிஸ்க், கார்டு. மெஷின் ஒன்று, டிஸ்க் இல்லை, கார்டு இல்லை. மீன்காரம்மா தெளிவாகச் சொன்ன விஷயத்தை எழுதிக்கொள்ள ஐ.டி.ஐ. படித்தவளின் ரசீதில் இடமில்லை. டிஸ்க் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

ஃபேனை மாற்றி, உப்பைச் சுரண்டி, மூன்றாம் நாள் மெஷின் தயார். அன்று மாங்கனித் திருவிழா. எங்கள் கடை சாமி வரும் வீதியில் இருந்தது. மாடிகளிலிருந்து மாம்பழம் இறைக்க ஆரம்பித்துவிட்டால் கூட்டம் கடைக்குள் பாயும், அதற்குள் ஷட்டரை இறக்கிவிட வேண்டும். முதலாளி சரக்கு எடுக்கச் சென்னை போயிருந்தார். கடையில் நான் ஒருத்திதான்.

அந்த நேரத்தில் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர் வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். அவருடைய மெஷினும் அதே மாடல், அதே கறுப்பு, கார்டு இல்லாமல் ஆடியதை உள்ளேயே பதித்துக்கொள்ளும் புது ரகம். பவர் போர்டு போய் என் மேஜையில் கிடந்தது. உதிரிப் பாகம் வர இன்னும் இரண்டு நாள் ஆகும்.

"ராத்திரி திருச்சியில ஃப்ளைட்டுங்க. வேன் வெளிய நிக்கிது. சாமி வந்துட்டா ரோட்ட அடைச்சிருவாங்க. புள்ளைங்க சாமான எடுத்துட்டு வந்துட்டு வெறுங்கையோட எப்படிங்க போவேன்?"

அவர் சத்தம் போட்டார், பிறகு கெஞ்சினார். சத்தம் போடுகிறவரைச் சமாளிக்க எனக்குத் தெரியும். கெஞ்சினால் இளகிவிடுவேன். சரியாகி நிற்கும் மெஷின் கண்ணெதிரே இருக்கிறது. எடுத்துக் கொடுத்துவிட்டால், இவருடையதை இரண்டு நாளில் சரிசெய்து மதிக்குக் கொடுத்துவிடலாம். ஏழெட்டு வருடமாகச் செய்வதுதானே.

"உங்க மெஷின்ல புள்ளைங்க ஆடி வச்சதெல்லாம் இருக்கும். அது போயிரும், பரவாயில்லீங்களா?" என்று அவரிடம் கேட்டேன்.

"டிஸ்க்கெல்லாம் பையில இருக்குங்க. மொதல்லேருந்து ஆடிக்கிறாங்க, குடுங்க" என்றார்.

கவனியுங்கள், அவரிடம் கேட்டிருக்கிறேன். மெஷினுக்குள் தங்குகிற பொருள் உண்டு என்பது அந்த அளவுக்கு எனக்குத் தெரிந்திருக்கிறது. எதிரே நின்றவரிடம் கேட்கத் தோன்றிய கேள்வியை, எதிரே இல்லாத மதியிடம் ஒரு போன் போட்டுக் கேட்கத் தோன்றவில்லை.

கைமாற்றும் முன் இந்தப் புது ரக மெஷினில் பதிந்திருப்பதைத் துடைத்துவிடுவது எங்கள் பழக்கம். மதியின் மெஷினை ஆன் செய்தேன். திரையில் எல்லாம் பிரெஞ்சில் இருந்தது. ஓரத்தில் தட்டும் உருண்டையுமாக ஒரு சின்னப் படம் தெரிந்தது. அதைப் பார்த்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. எல்லாவற்றையும் அழிக்கும் இடத்துக்குப் போனேன். பிரெஞ்சில் நாலு வரி எச்சரிக்கை வந்தது. ஆமாம் என்பதற்குப் பிரெஞ்சில் என்ன என்று காரைக்காலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை அழுத்தினேன். வெளியே மேளச்சத்தம் நெருங்கிவிட்டது. அவர் மெஷினை வாங்கிக் கும்பிட்டுவிட்டு வேனுக்கு ஓடினார். நான் ஷட்டரை இறக்கினேன், நல்லது செய்த திருப்தியோடு.

சிங்கப்பூர்க்காரரின் மெஷினைச் சரிசெய்து, அதையும் துடைத்து, மதிக்கு எடுத்துவைத்தேன். நாலு நாள் கழித்து மதியே வந்தான். விபத்துக்குப் பிறகு அவன் டவுனுக்கு வருவது அதுதான் முதல் தடவை என்று காலையிலேயே மார்க்கெட்டில் கனகாக்கா ஊர்ப்பட்ட சந்தோஷத்தோடு சொல்லியிருந்தார். முழுக்கைச் சட்டை, வலது கைப்பக்கம் மடித்து ஊக்கு குத்தியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்து, "ஒரு தடவ போட்டுப் பாத்துட்டு எடுத்துக்கவாக்கா?" என்று கேட்டான்.

மெஷினை ஆன் செய்தேன். திரை சுத்தமாக இருந்தது. அவன் குச்சியை இப்படியும் அப்படியும் தள்ளித் தேடினான். அந்தப் படம் அப்போதுதான் மனசில் வந்து நின்றது.

"என் ஆட்டத்தக் காணுமேக்கா?"

முதலாளி அப்போதும் ஊரில் இல்லை. கடையில் இன்னும் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். டிஸ்க் அக்காவுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பி வந்தவர்கள். உன் மெஷினை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன், உன் விளையாட்டை என் கையாலேயே அழித்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பதில் பொய் தானாக வந்தது.

"சூட்டுல உள்ள இருந்த ஹார்ட் டிஸ்க் எரிஞ்சுபோச்சு தம்பி. வேற மாத்திப் போட்டிருக்கேன். பழசு எதையும் எடுக்க முடியல."

"திரும்ப ஏத்த முடியாதாக்கா?"

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. டவுன்லோடு செய்த விளையாட்டைப் பற்றி எனக்கு அப்போது ஒரு மண்ணும் தெரியாது. டிஸ்க் உடைந்தால் உடைந்ததுதான் என்பது ஒன்றே என் படிப்பு. தெரியாது தம்பி, விசாரிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் விசாரிக்கப் போனால் என் பொய் வெளியே வரும். அதனால் கதவை அடைத்துத் தாழ்ப்பாளும் போட்டேன்.

"முடியாதுப்பா. அந்த கேம் இந்த மெஷின்ல இனிமே ஏறாது."

அவன் கன்ட்ரோலரை மேஜையில் வைத்தான். "சரிக்கா. நீங்க என்ன பண்ணுவீங்க" என்றான். எனக்கு அந்த இடத்திலிருந்து அவனை அனுப்பினால் போதும் என்றிருந்தது. கூலி வேண்டாமென்றேன். அது போதாதென்று அலமாரியிலிருந்து ஒரு டிஸ்க்கை உருவி, சும்மா வச்சுக்க தம்பி என்று நீட்டினேன். கார் ரேஸ். இரண்டு கையும் வேண்டும். அவன் அதை இடது கையால் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னான். அவன் படியிறங்கிய பிறகுதான் என்ன கொடுத்தேன் என்று எனக்கு உறைத்தது. கூப்பிட்டு மாற்றித் தரவும் வெட்கமாக இருந்தது.

முதலாளி வந்ததும் அவரிடமும் அதே பொய்யைச் சொன்னேன். அவர் நம்பினார். "பாவம், அந்தப் புள்ளைக்கு வேற எதாச்சும் தேடிக் குடு" என்றார்.

அதன் பிறகு மார்க்கெட்டில் கனகாக்காவைப் பார்ப்பது கஷ்டமாகிவிட்டது. அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. வழக்கம்போல நல்ல மீனாகப் பொறுக்கி வைத்திருப்பார். மதி எப்படியிருக்கான் என்று கேட்டால், "பயலுவ நாலு நாள் வந்து பாத்தானுவ. ஆட்டம் இல்லன்னதும் வர்றதில்ல. இவனும் வாசலுக்கு வர்றதில்ல" என்பார். சொல்லிவிட்டு, "நீ என்னம்மா செய்வ, சாமானு கெட்டா கெட்டதுதான்" என்று எனக்கே ஆறுதல் சொல்வார். நான் வேறொருவரிடம் மீன் வாங்க ஆரம்பித்தேன். இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனது.

பிறகு கடைக்கு நல்ல இணைய இணைப்பு வந்தது. ஒருநாள் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, பழைய மெஷின் செத்துவிட்டதென்று புது மெஷின் வாங்கினாள். அங்கேயே உட்கார்ந்து தன் அக்கவுண்டில் நுழைந்து, பழைய மெஷினில் வாங்கியிருந்த கேம்களை ஒவ்வொன்றாகப் புதியதில் இறக்கிக்கொண்டிருந்தாள்.

"இதுக்கெல்லாம் மறுபடி காசு குடுக்கணுமா?" என்று கேட்டேன்.

"ஒரு தடவ வாங்குனா போதுங்க்கா. மெஷின் போனாலும் நம்ம பேருல கம்பெனி கணக்குல இருக்கும். எத்தன தடவ வேணும்னாலும் எறக்கிக்கலாம்."

கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டேன். வாத்தியாரின் டிஸ்க்கை நான் தேய்த்தேன், அதை அந்த ஆண்டவனாலும் திருப்பித் தர முடியாது. மதியுடையது அப்படியில்லை. நான் செய்த தவறுக்கு மாற்று இருந்திருக்கிறது. பிரான்ஸுக்கு ஒரு போன், ஒரு பாஸ்வேர்ட், அரை மணியோ முக்கால் மணியோ. தவறு மன்னிக்கக்கூடியதாக இருந்திருக்கிறது. அந்தப் பையனுக்கு ஒரு வருடத்தைக் கெடுத்தது நான் அழுத்திய பொத்தான் அல்ல, நான் சொன்ன பொய்.

முதலாளியிடம் அன்றே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "எங்கிட்ட சொல்லி என்னம்மா?" என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை கடை விடுமுறை. கோட்டுச்சேரிமேட்டுக்குப் போனேன். இதற்குள் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்த மதி, ஐஸ் கொட்டகையில் வண்டிகளுக்கு மீன் பெட்டி ஏற்றும் ஆட்களை மேய்த்துக்கொண்டிருந்தான். கடற்கரைப் பக்கமாக அழைத்துப்போய், திருவிழா நாளிலிருந்து ஒன்று விடாமல் சொன்னேன். அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவன்தான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "விடுங்கக்கா, ஆளுவ பாக்குறாங்க" என்றான்.

"மெஷின எடுத்துட்டு வா தம்பி. ஏத்தித் தர்றேன்."

"இனிமே யாரோட ஆடறதுக்கா? எங்கூட ஆடுன செந்திலு மலேசியா போயிட்டான். மத்தவனுவ போட்டுக்குப் போயிட்டு வந்தா தூங்கத்தான் நேரம்."

விடவில்லை. அடுத்த வாரம் அவனைக் கடைக்கு வரவைத்தேன். பிரான்ஸுக்குப் போன் போட்டு அவனிடம் கொடுத்தேன். அவன் மச்சான் அந்தப் பக்கம் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, மதி எனக்குச் சொல்ல, நான் அடித்தேன். திரையில் ஒரு கோடு மெல்ல நீள ஆரம்பித்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இரண்டே விஷயம். எந்தப் பெட்டி வந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது, அது யாருடையது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். பாடம் இவ்வளவுதான் என்று நினைத்து, அன்று திரைமுன் உட்கார்ந்தபடி நான் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன். ஆனாலும் பழியில் ஒரு பங்கை வேறு யாருக்காவது கொடுக்க முடியுமா என்று என் புத்தி தேடிக்கொண்டே இருந்தது.

"உங்க மச்சானுக்கு இது தெரிஞ்சிருக்குமே தம்பி. அவரு அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

மதி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"சொன்னாருக்கா. அன்னைக்கு சாயங்காலமே போன்ல சொன்னாரு. பாஸ்வேர்ட் தாரேன், கடையில குடு, திரும்ப எறக்கித் தருவாங்கன்னாரு. நான்தான் கேக்கல. டிஸ்க் அக்காவே பாத்துட்டு முடியாதுன்னு சொல்லிட்டாங்க, அவங்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியப்போவுதுன்னு அவருகிட்ட சண்ட போட்டு போன வச்சிட்டேன்."

கோடு பாதிக்கு மேல் வந்திருந்தது.